பதிவேட்டில் ஏறாத சாவுகள்: சயாம் ரயில் நினைவிடங்களும் தமிழர்களும்

(ஆதிச்சநல்லூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தாய்லாந்தின் மேற்குப் பகுதியில், பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது காஞ்சனபுரி. இரண்டாம் உலகப் போரின்போது சயாமையும் (தாய்லாந்தின் பழைய பெயர்) பர்மாவையும் இணைத்து ஜப்பானியப் படை போட்ட ரயில் பாதையின் நினைவிடங்கள் இந்த ஊரிலும் இதன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன. ஆற்றின்மேல் ஓர் இரும்புப் பாலம், இரண்டு போர்க் கல்லறைத் தோட்டங்கள், சில அருங்காட்சியகங்கள், மலையை வெட்டிப் பிளந்த ஒரு கணவாய் என்று அவற்றை வரிசைப்படுத்தலாம். தமிழ்நாட்டிலிருந்து தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலர் ஒரு பகல் பொழுதில் இங்கே வந்து, பாலத்தில் நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாதைக்குப் பலியான ஆசியத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். கல்லறைத் தோட்டங்களில் வரிசையாகப் பதித்த பெயர்ப் பலகைகளில் அந்தத் தொழிலாளர்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. மலேசியத் தமிழர் வழக்கில் ‘சயாம் மரண ரயில்’ என்று நிலைத்துவிட்ட அந்த வரலாற்றையும், நினைவிடங்கள் அதை எந்த அளவுக்குக் காட்டுகின்றன, எந்த அளவுக்கு விட்டுவிட்டன என்பதையும் அறிந்துகொண்டு போகிறவருக்கே காஞ்சனபுரி முழுமையாகப் புலப்படும்.

1941 டிசம்பரில் மலாயாவின் கிழக்குக் கரையில் இறங்கிய ஜப்பானியப் படை எட்டே வாரங்களில் தீபகற்பம் முழுவதையும் பிடித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் பர்மாவும் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவில் நிற்கும் படைக்குத் தளவாடமும் உணவும் அனுப்ப மலாக்கா நீரிணை வழியாகக் கடலில் சுற்றிப் போக வேண்டியிருந்தது. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்த பிறகு அந்தக் கடல்வழி நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எளிய வேட்டைக்களமாயிற்று. ஆகவே தரைவழியாக ஒரு ரயில் பாதை வேண்டும் என்று முடிவானது. சயாமில் நோங் பிளாடுக் என்ற இடத்திலிருந்து குவாய் நோய் ஆற்றை ஒட்டி மேலேறி, மூன்று பகோடா கணவாயைக் கடந்து, பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். அடர்ந்த காடு, செங்குத்தான பாறை, ஆண்டில் பாதி விடாத மழை. பிரிட்டிஷார் முன்பு எண்ணிப் பார்த்துக் கைவிட்ட தடம் அது. இரு முனைகளிலிருந்தும் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொட்டன. ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டுக்குள் இவ்வளவு நீளப் பாதை முடிந்தது பெரிய பொறியியல் திறன் என்று சொல்வாருண்டு. எந்திரம் செய்ய வேண்டியதை மனித உடம்பு செய்தது என்பதே உண்மை.

சரணடைந்த நேச நாட்டுப் படைகளிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், ஒரு சிறு தொகை அமெரிக்கர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கைதிகளைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர், வியட்நாமியர் எல்லாரும் அதில் உண்டு. ஜப்பானியர் இவர்களை ‘ரோமுஷா’ என்றனர். இவர்களின் தொகை 1,80,000 என்றும் அதற்கு மேலும் மதிப்பிடப்படுகிறது. இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம். மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75,000 பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அந்த 75,000 பேரில் இறந்தவர்கள் 30,000 என்று ஒரு மதிப்பீடும் 40,000-க்கு மேல் என்று இன்னொரு மதிப்பீடும் சொல்கின்றன. கைதிகளின் சாவை கடைசி இலக்கம் வரை சொல்ல முடிகிறது. தமிழர்களின் சாவிலோ பத்தாயிரம் பேர் முன்பின்னாகக் கிடக்கிறார்கள். இந்த வேறுபாட்டிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

போருக்கு முன் மலாயாத் தோட்டத் தமிழரின் வாழ்க்கை லயம் எனும் வரிசை வீடுகளுக்கும் கித்தா எனும் ரப்பர் மரத்துக்கும் இடையே நடந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், பிறகு பால்வெட்டு, மாலையில் கங்காணியின் கணக்கு. ஜப்பானியர் வந்ததும் துரைமார் போய்விட்டார்கள், ஏற்றுமதி நின்றது, ரப்பருக்கு விலையில்லை. அரிசி வரத்து குன்றி, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. இந்த நிலையில்தான் சயாமில் ரயில் பாதை வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற அறிவிப்பு தோட்டங்களுக்கு வந்தது. வயிறு காய்ந்தவர்கள் சிலர் தாமாகவே புறப்பட்டார்கள். மூன்று மாதம் கழிந்தும் யாரும் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை என்றதும் தாமாகப் போவது நின்றது. அப்போது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை விதித்தார்கள். தோட்டக் கணக்கரான கிராணியும் கங்காணியும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. இலவச சினிமா என்று அழைத்துக் கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய நிகழ்ச்சிகளைப் பிழைத்து வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கணவனைத் தனியே விட மனமின்றிக் குழந்தைகளுடன் கூடவே போன பெண்களும் இருந்தனர்.

பொருள் ஏற்றும் மூடிய வண்டிகளில் அடைத்து நான்கைந்து நாள் பயணம். பான் போங் என்ற இடத்தில் இறக்கி, அங்கிருந்து நடை. முகாம்களில் பலவற்றுக்குக் கூரைகூட முழுதாக இல்லை. கைதிகளுக்கும் பசியும் அடியும் நோயும் பொதுதான். ஆனால் கைதிகளிடம் ஒரு படையின் கட்டமைப்பு இருந்தது. அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தனர், இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், மலக்குழியைத் தள்ளித் தோண்ட வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. எட்வர்ட் டன்லப் போன்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர்கள் மூங்கில் கட்டிலில் வைத்துக் கிடைத்த கருவிகளால் உயிர்களைக் காப்பாற்றியது அந்த நாட்டில் இன்றும் போற்றப்படுகிறது. தோட்டத் தமிழருக்கு இவற்றில் எதுவும் இல்லை. மருத்துவர் இல்லை, மொழி தெரிந்த அதிகாரி இல்லை, தமக்காகப் பேச ஒரு தலைவர் இல்லை. 1943 மே, ஜூன் மாதங்களில் மழையோடு காலரா ஆற்றின் மேற்பகுதி முகாம்களில் புகுந்தபோது கைதிகள் நூற்றுக்கணக்கில் இறந்தனர். தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தனர். வேலையை விரைந்து முடிக்க மேலிடம் நெருக்கிய மாதங்களும் அவையே. பிணங்களைக் குழியில் தள்ளினார்கள், ஆற்றில் விட்டார்கள், மொத்தமாக எரித்தார்கள். உயிர் பிரியாதவர்களையும் குடிசையோடு கொளுத்தினார்கள் என்று கண்ணால் கண்டவர்கள் சொன்ன சாட்சியங்கள் உண்டு. பின்னர் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதிகளான மருத்துவர்களையும் உதவியாளர்களையும் ‘கே’, ‘எல்’ என்ற பெயரிட்ட இரு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் எழுதி வைத்த குறிப்புகள்தாம் தமிழர் முகாம்களைப் பற்றி இன்று கிடைக்கும் நேரடிச் சான்றுகளில் முக்கியமானவை.

பாதை முடிந்த பின்னும் வேலை முடியவில்லை. தண்டவாளத்தைச் சீராக வைத்திருக்கவும் ரயிலுக்கு விறகு வெட்டவும் பலரை நிறுத்திக்கொண்டார்கள். நேச நாட்டு விமானங்கள் பாலங்களின்மேல் குண்டு போட்டபோது அதிலும் இவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்கள் 1945-க்குப் பிறகு கையில் ஒன்றுமில்லாமல் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். பல லயங்களில் ஆண் துணை இல்லாத வீடுகளே எஞ்சின. ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர் என்று மலேசியத் தமிழர் சொல்லும் சொல் அந்தத் தலைமுறையிலிருந்து வந்தது.

போர் முடிந்த ஆறாவது வாரத்திலேயே, 1945 செப்டம்பர் 22 அன்று, கல்லறைகளைத் தேடும் குழு ஒன்று பாதை நெடுகப் புறப்பட்டது. அது 144 புதைவிடங்களைக் கண்டுபிடித்தது. 10,549 கல்லறைகளை அடையாளம் காட்டியது. காணாமல் விடுபட்டவை 52 மட்டுமே. காட்டுக்குள் இது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. கைதிகளின் அதிகாரிகள் யார், எங்கே, எந்த நாளில் இறந்தார் என்று களவாகக் குறிப்பெடுத்து, காவலர் கண்ணில் படாமல் பாதுகாத்தார்கள். சில குறிப்புகளைக் கல்லறைகளிலேயே மறைத்துப் புதைத்தார்கள். பிடிபட்டால் என்ன தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே செய்த வேலை அது. அந்தக் குறிப்புகளைக் கொண்டு எலும்புகள் எடுக்கப்பட்டு மூன்று கல்லறைத் தோட்டங்களில் சேர்க்கப்பட்டன. காஞ்சனபுரி நகரில் ஏறத்தாழ 7,000 பேர், ஆற்றுக்கு அப்பால் சுங்காயில் சுமார் 1,700 பேர், பர்மாவின் தன்பியூசயாத்தில் 3,700-க்கும் மேற்பட்டோர் அடக்கமாயினர். அமெரிக்கர்களின் உடல்கள் அவர்கள் நாட்டுக்கே கொண்டுபோகப்பட்டன. ஆசியத் தொழிலாளர்களின் புதைகுழிகளைத் தேட அப்படி ஒரு குழு புறப்படவில்லை. அவர்கள் எந்தப் படைப்பிரிவையும் சேர்ந்தவர்களல்லர். ஆகவே எந்த அரசும் அவர்களைத் தன் கணக்கில் எழுதவில்லை. அடுத்த ஆண்டுகளில் நடந்த போர்க் குற்ற விசாரணைகளும் பெரும்பாலும் கைதிகள்மீது நடந்த கொடுமைகளையே மையமாகக் கொண்டன. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி பெறுமதியான இரண்டு கப்பல்களைத் தருவதாக உடன்படிக்கை செய்தது. அது அரசுக்கும் அரசுக்கும் இடையே முடிந்த கணக்கு. சயாமில் கணவனைப் பறிகொடுத்த தோட்டத்துப் பெண்ணுக்கு அதிலிருந்து ஒரு காசும் போய்ச் சேரவில்லை.

காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. வெட்டி ஒழுங்கு செய்த புல்தரை, பூச்செடிகள், ஒரே அளவில் பெயர்ப் பலகைகள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்பது ஆணையத்தின் தொடக்கக் கால விதி. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, கீழே குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரி ஆகியவை பலகையில் இருக்கும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்ற வயதுகளைப் படித்துக்கொண்டே நடப்பவர் கலங்காமல் வெளியே வர முடியாது, கலங்கவும் வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை குறைய வேண்டும் என்பது யாருடைய கோரிக்கையும் அன்று. அதே முகாம்களின் மறுபக்கத்தில் அதே நோயில் இறந்தவர்களுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும் என்பதே வழக்கு.

அருங்காட்சியகங்களில் பழையது ஜீத் போர் அருங்காட்சியகம். ஒரு பௌத்த மடாலயத்தின் தலைமைத் துறவி 1977-இல் தொடங்கியது. கைதிகள் தங்கிய நீண்ட மூங்கில் குடிசையைப் போலவே கட்டி, படங்களையும் ஓவியங்களையும் வைத்திருக்கிறார்கள். பாதையோடு தொடர்புடைய நாடுகளின் பெயர்களில் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. இந்தியாவோ மலாயாவோ பர்மாவோ அதில் இடம்பெறவில்லை. கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 2003-இல் திறக்கப்பட்ட தாய்லாந்து–பர்மா ரயில் மையம் ஆய்வு நோக்கில் அமைந்தது. வரைபடம், முகாம்வாரிக் கணக்கு, மருத்துவ நிலை ஆகியவற்றை ஒழுங்காக விளக்குகிறது. ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கைகளையும் வெளிப்படையாகக் காட்டுகிறது. முதலில் இங்கே போய்விட்டுப் பிறகு மற்ற இடங்களுக்குப் போவதே நல்லது. நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹெல்ஃபயர் கணவாய், பாறையை உளியாலும் சம்மட்டியாலும் வெட்டித் திறந்த பள்ளம். இரவு வேலையில் எரிந்த பந்த வெளிச்சத்தைக் கண்ட கைதிகள் அதை நரக நெருப்பு என்றார்கள். காடு மூடிக் கிடந்த அந்த இடத்தை 1980-களில் தேடிக் கண்டுபிடித்தவர் டாம் மோரிஸ் என்ற முன்னாள் ஆஸ்திரேலியக் கைதி. அவர் விடாமல் கேட்டதன் பேரில் ஆஸ்திரேலிய அரசு 1998-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று விடியற்காலையில் அங்கே அஞ்சலி நடக்கிறது. ஒரு முன்னாள் கைதியின் பிடிவாதமும் ஓர் அரசின் பணமும் சேர்ந்தால் காட்டுக்குள் மறைந்த இடமும் நினைவிடமாகும் என்பதற்கு இது சான்று. தமிழ்த் தொழிலாளர்களில் பிழைத்தவர்களுக்குப் பிடிவாதம் குறைவில்லை. கேட்க ஓர் அரசு இல்லை.

பாலத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தது பியர் பூலின் நாவலும், டேவிட் லீன் இயக்கி 1957-இல் வந்த திரைப்படமும். படம் தாய்லாந்தில் எடுக்கப்பட்டதன்று. இலங்கையில் களனி ஆற்றங்கரையில், கித்துள்கலவில் எடுக்கப்பட்டது. அந்தக் கதையில் கைதிகளின் பெருமிதமும் சிறுமையும் உண்டு, தோட்டத் தமிழர் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகளின் எதிர்பார்ப்புக்கு ஏற்பவே ஊரின் சுற்றுலாவும் வளர்ந்தது. ஆண்டு இறுதியில் பாலத்தருகே ஒலி, ஒளிக் காட்சியும் கடைத்தெருவுமாகத் திருவிழா நடக்கிறது. சாவு நிகழ்ந்த இடத்தில் கேளிக்கை மிகுந்துவிடுவது வருந்தத்தக்கது.

தமிழர் தொடர்பான தடயங்கள் காஞ்சனபுரியில் அறவே இல்லாமலும் இல்லை. தேடிப் போனால்தான் கிடைக்கும். பாலத்துக்கு அருகில் ஜப்பானிய ரயில்படை 1944-இல் தானே கட்டிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிய சுவர்களில் இறந்தவர்களின் மொழிகளில் அஞ்சலி வாசகங்கள் பொறித்த பலகைகள் உள்ளன. அவற்றுள் தமிழும் ஒன்று. சாகடித்த படையே கட்டிய தூணைச் சுற்றித்தான் போர்க்காலத் தமிழ் எழுத்து இருக்கிறது என்பதை மனம் எளிதில் ஏற்காது. போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அருகே வாட் தாவொர்ன் வராராம் என்ற வியட்நாமிய மரபுப் பௌத்தக் கோயிலில், பாதை நெடுகக் கிடைத்த பெயரறியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைத் திரட்டி எரித்து வைத்த தூபி உள்ளது. 1990 நவம்பரில் காஞ்சனபுரிக்கு அருகே ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த குழி வெளிப்பட்டது. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது. ஒழுங்கான அகழாய்வு நடந்திருந்தால் வயது, நோய், உடன் கிடந்த பொருள் என்று எவ்வளவோ தெரிந்திருக்கும்.

இந்தப் பாகுபாடு சயாமில் மட்டும் நிகழ்ந்ததன்று. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக 1929-இல் எழுப்பிய பாஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை ஒவ்வொரு படைப்பிரிவின் கீழும் வெறும் தொகையாகக் குறித்தார்கள். பிரான்சில் 1927-இல் திறந்த நூவ் ஷாப்பேல் நினைவிடத்தில் இந்திய வீரர்களின் பெயர்கள் முறையாக இருக்கின்றன. ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் பெயர், படாத இடத்தில் எண் என்பதே நடைமுறையாக இருந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட தன் சொந்த ஆய்வறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்க, ஆசியப் படையினரும் உதவியாளர்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது. படையில் சேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால் கூலிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. இந்திய தேசியப் படையில் இறந்தவர்களுக்காகச் சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை செப்டம்பரில் இடித்தது. இந்திய தேசியப் படையில் மலாயாத் தமிழ் இளைஞர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றோடு சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்பதும் ஒரு காரணம். 1995-இல்தான் அந்த இடத்தில் ஒரு குறிப்புக் கல் வைக்கப்பட்டது.

தூத்துக்குடிக் கரைக்கு இது வேற்றூர்ச் செய்தியும் அன்று. ஒட்டப்பிடாரத்திலும் பாஞ்சாலங்குறிச்சியிலும் 1799, 1801 பாளையக்காரர் போர்களில் இறந்த கும்பினி அதிகாரிகளின் கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் பெயரும் நாளும் வெட்டியிருக்கிறார்கள். எதிரே நின்று செத்த பாளையத்து ஆட்களுக்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர்களை இரண்டு நூற்றாண்டு தாங்கி நின்றது ஊர்க்காரர்களின் கதைப்பாடல். நா. வானமாமலை போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பாடல்களைத் தேடிப் பதிப்பித்ததால் ஊமைத்துரையின் கூட்டத்தார் பெயர்கள் சில அச்சேறின. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நிற்கும் நினைவுக்கோட்டை 1974-இல் தமிழ்நாடு அரசு எழுப்பியது. பாட்டு காத்ததை அரசு பின்னால் வந்து கட்டடமாக்கியது.

பெயரே இல்லாத இறந்தவர்களை அறியும் வழியை ஆதிச்சநல்லூர்ப் பறம்பு கற்றுத் தருகிறது. தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரந்த இந்த இடுகாட்டை 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன்பின் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டம், வெண்கல உருவங்கள், இரும்பு வாள், வேல் எனக் கிடைத்தவற்றின் அட்டவணை 1915-இல் நூலாக வந்தது. 2004, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்து 160-க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அந்த அகழாய்வின் கரித்துண்டு மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 என்ற காலங்களைக் காட்டின. இங்கே கிடப்பவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. ஆனாலும் அவர்கள் யாருமற்றவர்களாகத் தோன்றுவதில்லை. எலும்பைத் தாழியில் இட்டு, பக்கத்தில் நெல்லும் தினையும் கலங்களில் வைத்து, துணி சுற்றி, மூடியிட்டு மண்ணில் இறக்கிய கைகள் தெரிகின்றன. ரியா உமியையும் துணித் தடத்தையும் எழுதி வைத்ததால் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய உறவினரின் பரிவு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. காஞ்சனபுரிக் குழி எண்பது ஆண்டே பழையது. அதில் நெல்லும் இல்லை, கலமும் இல்லை, அடக்கம் செய்த கையும் இல்லை. காலத்தால் நெருங்கியவர்கள் அறிவால் தொலைவாகிவிட்டார்கள்.

ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறந்த களக் காட்சியகம் தாழிகளை எடுத்து வேறிடம் கொண்டுபோகாமல், கிடந்த குழியிலேயே வைத்துக் கண்ணாடித் தளத்தின் வழியே காட்டுகிறது. பொருளையும் அது கிடந்த இடத்தையும் பிரிக்காத இந்த முறை போர் நினைவிடங்களுக்கும் மிகப் பொருந்தும். சயாம் பாதையில் தமிழர் முகாம்கள் இருந்த இடங்கள் கைதிகளின் குறிப்புகளிலும் வரைபடங்களிலும் ஓரளவு உள்ளன. அவற்றில் ஒன்றையேனும் முறைப்படி அகழ்ந்து, அங்கேயே காட்சியகம் அமைப்பது நடக்கக்கூடிய செயல். எலும்பியல் ஆய்வும் இங்கே முன்மாதிரி தருகிறது. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை அளந்து சுக்கர்மன் 1930-இல் எழுதினார். அன்றைய இன அளவையியல் முடிவுகளை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் எலும்பில் பசியும் சுமையும் நோயும் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை அதன்பின் வெகுதூரம் வளர்ந்துவிட்டது.

பதிவேட்டில் விடுபட்டதை மலேசியத் தமிழர் நாவலில் ஏற்றினார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இரண்டும் காஞ்சனபுரி போகுமுன் படிக்க வேண்டியவை. அருங்காட்சியகத்தில் எங்கும் காணாத தோட்டத்துப் பேச்சும் லயத்து அழுகையும் அவற்றில் உண்டு. பிழைத்தவர்களைத் தேடிப் பதிவுசெய்த ஆவணப்படமும் வந்தது. மரண ரயில் ஆர்வலர் குழு என்ற மலேசிய அமைப்பு சாட்சியங்களைத் திரட்டிவருகிறது. 2023 மே நாளன்று தாய்லாந்துத் தமிழரின் முயற்சியில் காஞ்சனபுரியில் நடுகல் எழுந்தது. தமிழ்நாடு அரசும் நிதியுதவி செய்தது. நடுகல் தமிழரின் பழைய வழக்கம். கல் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்கள் இறந்தவரைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. காஞ்சனபுரி நடுகல் எல்லாருக்கும் பொதுவான ஒரே கல். பெயர்கள் இன்னும் அதில் ஏறவில்லை.

இதையெல்லாம் மனத்தில் கொண்டு போகிறவர் ஒரு பகலில் முடிக்க நினைக்காமல் இரண்டு நாள் ஒதுக்குவது நல்லது. முதல் நாள் ரயில் மையம், அதை ஒட்டிய கல்லறைத் தோட்டம், பிறகு வியட்நாமியக் கோயில் தூபி, நடுகல், மாலையில் பாலமும் ஜப்பானியத் தூணும். மறுநாள் ரயில். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து வரும் வண்டி பழைய பாதையிலேயே நாம் டோக் வரை, நோங் பிளாடுக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் இன்றும் ஓடுகிறது. ஆற்றை ஒட்டிய பாறைச் சரிவில் மரத்தூண்களின்மேல் செல்லும் வம்போ பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும். நாம் டோக்கிலிருந்து சாலை வழியே ஹெல்ஃபயர் கணவாய். நாம் டோக்குக்கு அப்பால் பர்மா எல்லை வரை தண்டவாளம் பிடுங்கப்பட்டுவிட்டது. தமிழர் மிகுதியாக இறந்த மேற்பகுதி முகாம்கள் அந்தத் திசையில்தான் இருந்தன.

செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் காஞ்சனபுரிக்கு வெளியே இருக்கிறது. லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்திலும், கோலாலம்பூரில் மலேசிய ஆவணக் காப்பகத்திலும், கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் போர்க்காலக் கோப்புகள் உள்ளன. தோட்டவாரியாக யார் போனார், யார் திரும்பினார் என்பதை அந்தக் கோப்புகளோடும் குடும்பங்களின் நினைவோடும் ஒப்பிட்டுப் பட்டியலிட முடியும். சயாமுக்குப் போய் வந்தவர்களின் பிள்ளைகளே இப்போது முதியவர்கள். அப்பாவின் பெயர், ஊர், தோட்டம், வண்டி ஏறிய நாள் ஆகியவற்றை அவர்கள் வாயிலிருந்து எழுதி வாங்கும் வேலை மலேசியாவில் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில், அந்தக் குடும்பங்கள் கப்பலேறிய ஊர்களில், இன்னும் தொடங்கவில்லை.